வெள்ளங்கோரி மாமாவும் ரங்கூன் மல்லியும்

கொட்டுகிற மழையில் ஒரு கையில் குடையும் மறு கையில் வாளியுமாக நின்று செடிக்குத் தண்ணீர் ஊற்றிய மனிதர், நெய்யாற்றுக்குத் தெற்கே ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவர் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தார்.

பாறசாலைச் சந்தை ஓரத்தில் அவருக்குக் குடை பழுதுபார்க்கும் கடை. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஊருக்கு அவர் வெள்ளங்கோரி. தண்ணீரை வெள்ளம் என்பதும், இறைப்பதைக் கோருவது என்பதும் எங்கள் பக்கத்துப் பேச்சு.

நான் கல்யாணமாகி வந்த மறுநாள் விடியலில், எங்கள் கிணற்றில் முன்பின் தெரியாத ஒருவர் வாளி இறக்குவதைப் பார்த்துக் கூச்சல் போட்டுவிட்டேன். அவர் அசரவில்லை.

"கள்ளன் இல்ல மக்கா. எனக்க வீட்டுக் கெணத்து வெள்ளத்துல ஒரு உப்பு உண்டு. செடிக்கு ஆவாது."

"அப்ப நீங்க எதைக் குடிக்கிறீங்க?"

"நாங்க அந்த உப்பு வெள்ளத்தத்தான் குடிக்கியோம். நமக்கு என்ன, பூக்கவா போறோம்?"

செடி என்று அவர் சொன்னது ஒரு ரங்கூன் மல்லிக் கொடி. அவர் மனைவி சாராள் மாமி குளத்தூரில் பிறந்தவர். கல்யாணத்துக்கு மறுவருஷம் தாய்வீட்டிலிருந்து பதியன் கொண்டுவந்து வாசலில் வைத்தாராம். நான் வந்தபோது அது ஓட்டின் மேல் ஏறிப் படர்ந்திருந்தது. அந்தியில் வெள்ளையாக விரியும் கொத்து, மறுநாள் இளஞ்சிவப்பாகி, பிறகு ரத்தச் சிவப்பாகத் தொங்கும். தெரு முழுக்க வாசம்.

மீன மாத வெயிலில் இரண்டு வேளையும் ஊற்றுவார். தனு மாதப் பனியில் வெந்நீர் விளாவி ஊற்றுவார். விரலை விட்டுச் சூடு பார்ப்பார், குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல. இடவப்பாதி மழை பிடித்தால் குடையோடு வருவார். ஏன் மாமா என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"கூரைச் சாய்ப்பு நீண்டு கிடக்கு, பாத்தியா? ஊரெல்லாம் வெள்ளம், இதுக்க வேர்மூட்டுல மட்டும் பொடிமண்ணு. ஒரு இடவப்பாதியில நான் மழைய நம்பி இருந்திட்டேன். கொடி பாதி காஞ்சு போச்சு. இவ ஒரு வாரம் எங்கிட்ட மிண்டல்லே."

சாராள் மாமி வாசலில் நின்று மலையாளத்தில் திருத்துவார். "ஒரு மாசம்."

மாமிக்கு மலையாளம்தான் நன்றாக வரும். மாமா அவரிடம் மலையாளத்தில் பேசி, தமிழில் வேதம் வாசித்து, இரண்டையும் கலந்து வாடிக்கையாளரைத் திட்டுவார். எதிர்வீட்டுப் பள்ளி வாத்தியார் சங்கரன் சார் மலையாளி. எங்கள் வீட்டு அவியல் அவர் வீட்டுக்கும், அவர் வீட்டுப் பாயசம் எங்களுக்கும் தெருவைக் கடந்து போய்வரும்.

அந்தக் காலத்தில்தான் தெற்குத் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்று தமிழர் போராட்டம் சூடுபிடித்தது. ஊர்வலம், தடியடி, கைது. தெருவில் போலீஸ் வந்து நின்றது. வாயைத் திறக்கும் முன் எந்த பாஷையில் திறப்பது என்று யோசிக்க வேண்டியதாயிற்று. பாயசம் நின்றது. அவியலும் நின்றது. சங்கரன் சார் எங்களைக் கண்டால் வானத்தைப் பார்த்து நடந்தார். நாங்கள் தரையைப் பார்த்தோம்.

ஒரு நாள் சந்தையில் ஊர்வலத்தை அடித்துக் கலைத்துவிட்டு, யாரும் வெளியே தலைகாட்டக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். நல்ல மழை. சாயங்காலம் மாமா வழக்கம்போல வாளியோடு இறங்கினார். முனையில் நின்ற இளம் போலீஸ்காரர் ஓடி வந்தார். வடக்கே இருந்து வந்த பையன்.

"எந்தா இவிடெ?"

"செடிக்கு வெள்ளம் விடணும்."

"ஈ மழயத்தோ?"

உலகத்தில் எந்தப் போலீஸ்காரர்தான் அதை நம்புவார்? போராட்டக்காரருக்குத் தகவல் கொண்டுபோகிறவர் என்று முடிவு கட்டினார்கள். கடையைத் திறந்து, உள்ளே துண்டுப் பிரசுரம் இருக்கும் என்று பழுதுக்கு வந்த குடைகளை எல்லாம் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்து வெளியே எறிந்தார்கள். சந்தை ஓரம் முழுக்கக் கறுப்புக் குடைகள் விரிந்து கிடந்தன. சிரிக்கத்தான் வேண்டும். யாரும் சிரிக்கவில்லை. அவரை அடித்து வண்டியில் ஏற்றியதை நாங்கள் ஜன்னல் இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நீ தமிழனா, மலையாளியா?" என்று ஸ்டேஷனில் கேட்டார்களாம். "கெட்டியவகிட்ட மலையாளம், கர்த்தர்கிட்ட தமிழ்" என்றாராம். அதற்கும் அடி விழுந்தது.

சில நாள் கழித்து விட்டார்கள். வலது மணிக்கட்டு உடைந்து வீங்கியிருந்தது. குடைக்கம்பி வளைக்கிற கை. வீட்டுக்கு வந்தவர் பேசவில்லை. மாமி கஞ்சி கொடுத்தால் குடித்தார். நான் கூப்பிட்டால் முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். ஊமையாகிவிட்டாரோ என்று மாமி என்னிடம் வந்து அழுதார்.

அதற்குள் கொடிக்கும் ஏதோ வந்திருந்தது. இலை பழுத்து உதிர்ந்தது, மொட்டு கறுத்தது. ஒரு காலை மாமா மெல்ல எழுந்து வந்து, நல்ல கையால் வேர்மூட்டு மண்ணைத் தோண்டினார். சேறு. ஒரு நாற்றம்.

"இதுக்கு ஆருடே வெள்ளம் விட்டது?"

திரும்பி வந்தபின் அவர் பேசிய முதல் வார்த்தை அது. தெருவே வெளியே வந்தது.

"ஞான் தான், ரெண்டு நேரம்" என்றார் மாமி. "நானும் மாமா. மாமிக்கு முடியாதேண்ணு நினைச்சு மத்தியானம்" என்றேன். எதிர்வீட்டுப் படியில் நின்ற சங்கரன் சார் தொண்டையைச் செருமினார். "ராவிலெ, ஒரு குடம். ஆரும் காணாதெ."

அப்போது தெருமுனையிலிருந்து இன்னொரு குரல் வந்தது. அந்த இளம் போலீஸ்காரர்.

"ஞானும் வெள்ளம் ஒழிச்சு. டியூட்டி மாறும்போள்."

மாமா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு தெருவே அதிரக் கத்தினார்: "எல்லாருமா சேந்து கொன்னு போட்டியளே, பாவிகளா! மழையில கூட நான் இத்தற விட்டதில்ல கேட்டியளா!"

சாராள் மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவர் கத்துவதைக் கேட்ட சந்தோஷம்.

அன்றைக்கே சேற்றை அள்ளினோம். சங்கரன் சார் ஆற்றுமணல் கொண்டுவந்து கொட்டினார். போலீஸ்காரர் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, மேலதிகாரி யாரும் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டார். அவரை மன்னித்தீர்களா என்று மாமாவிடம் பின்னாளில் கேட்டேன். "கை வலிக்கும்போ இல்ல மக்கா. மத்த நேரம் நினைப்பே வராது" என்றார்.

கொடி துளிர்த்தது. கை தேறவில்லை. மாமி குடைக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டார். மாமா பக்கத்தில் உட்கார்ந்து குற்றம் சொல்லுவார். "கம்பி வளைக்க ஆவாது, வாய் மட்டும் வளையும்" என்பார் மாமி.

எல்லை பிரிந்தது. பாறசாலை கேரளத்தில் நின்றது. என் கணவருக்கு நாகர்கோவிலில் வேலை கிடைத்து நாங்கள் கிளம்பினோம். பஸ் நகரும்போது மாமா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

"மக்கா, வீடு பாக்கும்போ மொதல்ல கெணறு பாக்கணும், கேட்டியா? வெள்ளம் நல்லதாண்ணு நாக்குல வச்சுப் பாக்கணும்."

அதன் பிறகு எத்தனையோ வீடு மாறிவிட்டேன். வீட்டுக்காரர் அறைகளைக் காட்டக் கூப்பிடுவார். நான் கொல்லைப்பக்கம் போய், ஒரு கை தண்ணீர் அள்ளி நாக்கில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிடுவேன்.