லினக்ஸ் சிங்கமும் கறிவேப்பிலையும்

"இன்னையிலேருந்து இந்த வீட்டுல ஜன்னலுக்கு இடம் கிடையாது!" என்று கையில் டீ கிளாஸோடு அறிவித்தார் அப்துல் வஹீத்.

"அப்போ காத்துக்கு எங்க போறது?" என்றாள் ஜஹீதா. அவள் தரையில் உட்கார்ந்து, ஆரி எம்பிராய்டரி போடும் மரச்சட்டத்தில் பாதிக் கிளி தைத்திருந்த துணியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் விண்டோஸைச் சொல்றேன். உன் லேப்டாப்புல இருக்கே, அது. அதைத் தூக்கி எறிஞ்சுட்டு லினக்ஸ் போடப்போறேன்."

"யாரு?"

"நான்தான்."

"அதான் யாருன்னு கேட்டேன்."

வஹீத் இதைக் காதில் வாங்கவில்லை. பெரிய காரியத்தில் இறங்குகிறவர்கள் இதையெல்லாம் காதில் வாங்கக் கூடாது. தி. நகரில் அவருக்குப் பட்டன், ஜிப், லைனிங் துணி விற்கும் கடை. உலகத்தில் அவருக்குத் தெரியாத பட்டன் இல்லை. கம்ப்யூட்டரில் இருக்கும் பட்டன்களும் அதே ஜாதிதான் என்று அவர் நம்பினார். கடையில் கூட்டமில்லாத நேரங்களில் போனில் பார்த்த வீடியோக்கள் அந்த நம்பிக்கைக்கு உரம் போட்டிருந்தன.

லேப்டாப் கிழடுதான், அதில் சந்தேகமில்லை. ஆன் பண்ணிவிட்டுப் பருப்பை வேகவைத்தால், பருப்பு முதலில் வரும். இனிமேல் இதற்கு அப்டேட் கிடையாது என்று கம்பெனிக்காரனும் கைகழுவிவிட்டான். ஆனால் ஜஹீதாவின் டிசைன்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. அன்று ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு அவளுடைய முதல் ஆன்லைன் ஆரி வகுப்பு வேறு. கொட்டிவாக்கத்திலிருந்து கோலாலம்பூர் வரைக்கும் பெண்கள் பெயர் கொடுத்திருந்தார்கள்.

"இன்னிக்கு வேணாங்க. நாளைக்குப் பண்ணுங்களேன்."

"மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிஞ்சிடும்."

"ஜுவேரியாகிட்ட குடுத்தா அவ பாத்துக்க மாட்டாளா?"

அங்கேதான் வஹீதுக்குச் சுருக்கென்றது. ஜுவேரியா, ஜஹீதாவின் அக்கா மகள்; வஹீத் அவளுக்குச் சாச்சா, சித்தப்பா முறை. தரமணியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. போன மாசம் அக்கா வீட்டு விருந்தில், "சாச்சா, நானே வந்து போட்டுத் தர்றேன்" என்று அவளாகவே கேட்டாள். வஹீத் அத்தனை பேர் முன்னாலும் பிரியாணித் தட்டிலிருந்து கையை உயர்த்தி, "நீ படிச்ச பொண்ணும்மா. ஆனா இதுக்கெல்லாம் அனுபவம் வேணும்" என்று சொல்லிவிட்டார். அப்படிச் சொன்ன வாயால் இப்போது எப்படிக் கூப்பிடுவது?

"எல்லாம் நான் பாத்துக்குறேன். உன் டிசைனுக்கு நான் கேரண்டி."

ஜஹீதா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அடுப்படிக்குப் போய்விட்டாள். இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய மனிதர் அந்தப் பார்வைக்கு அர்த்தம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வஹீத் தெரிந்து வைத்திருக்கவில்லை.

வீடியோவில் ஒரு தாடிக்கார இளைஞன் சொல்லியிருந்தான்: "திரை, ஐகான், மெனு எல்லாத்தோடையும் சேர்த்துப் போடுறது சின்னப் பசங்களுக்கு. வெறும் அடித்தளத்தை மட்டும் போட்டுட்டு, மேல வேணுங்கிறதை நாமளே போட்டுக்கணும். அதுதான் கெத்து." வஹீத் கெத்தைத் தேர்ந்தெடுத்தார். கேட்ட கேள்விக்கெல்லாம் 'சரி' என்று அடித்துக்கொண்டே போனார். பழையதை எல்லாம் அழித்துவிடட்டுமா என்று அது கேட்டபோதும் 'சரி' என்றுதான் அடித்தார்.

முடிந்ததும் திரை கறுப்பாக வந்தது. மூலையில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு மினுக்கிக்கொண்டிருந்தது. ஐகான் இல்லை, மெனு இல்லை, மவுஸை ஆட்டினால் அசைய ஒன்றும் இல்லை.

சரி, அடித்தளம் ரெடி. இனி மேசை, அலமாரி, விளக்கு என்று எல்லாம் அடங்கிய டெஸ்க்டாப்பை இறக்க வேண்டியதுதான். வீடியோவைப் பார்த்து ஒரு வரி அடித்தார். முடியாது என்று பதில் வந்தது. நீ கேட்ட சாமான் வரவேண்டுமென்றால் இன்னொரு சாமான் இருக்க வேண்டும், அது இல்லை என்றது. அந்த இன்னொன்றைக் கேட்டார். அதற்கு வேறொன்று வேண்டும் என்றது. அந்த வேறொன்று ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் பழசு, எனக்குப் புதுசுதான் வேண்டும் என்றது.

வஹீதுக்குத் தன் தம்பி கல்யாணத்து வலீமா விருந்து ஞாபகம் வந்தது. பெரிய மாமா வருவதென்றால் சின்ன மாமாவை நேரில் போய்க் கூப்பிட வேண்டும். சின்ன மாமா வருவதென்றால் அவர் சம்பந்தி வரவேண்டும். சம்பந்தியோ, பெரிய மாமா வந்தால் நான் வரமாட்டேன் என்பார். கடைசியில் பந்தி காலியாகக் கிடந்தது.

விட்டாரா? இணையத்தில் யாரோ எழுதிய பக்கத்திலிருந்து ஒரு வரியை அப்படியே பார்த்து அடித்தார். 'சாமான்களை இந்தக் கடையிலிருந்தும் எடுத்துக்கொள்' என்று லேப்டாப்புக்கு உத்தரவு போடும் வரி அது. முன்பு நாலு பேர் முரண்டு பிடித்தார்கள். இப்போது திரை கொள்ளாமல் முரண்டு பிடித்தார்கள்.

கடைக்குப் பக்கத்தில் மொபைல் ரிப்பேர் பார்க்கும் சுரேஷ்குமாருக்குப் போன் போட்டார்.

"இன்னா பாய், ஞாயித்துக்கெழம அதுவுமா?"

"லேப்டாப்பு கறுப்பா நிக்குதுப்பா."

"விண்டோஸ் தானே? இட்டாந்துடு, பாத்துக்கலாம்."

"இல்ல, லினக்ஸ்."

"ஏன் பாய், நல்லாத்தானே போய்க்கினு இருந்துச்சு லைஃபு?" என்று துக்கம் விசாரிப்பது போலக் கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

"என்னங்க, முடிஞ்சுதா?" அடுப்படியிலிருந்து ஜஹீதாவின் குரல்.

"அப்டேட் ஓடுது! கிட்ட வராதே, ஆடிடும்!"

இப்படி ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு லேப்டாப்பின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். டிசைன்கள் போயின. நாலு மணிக்கு வகுப்பு. விஷயம் தெரிந்தால் அவள் கத்தமாட்டாள், அதுதான் பயம். பேசாமல் போய் ஜுவேரியாவுக்குப் போன் போடுவாள். அந்தப் பெண் வந்து, "பரவாயில்ல சாச்சா" என்பாள். அந்த 'பரவாயில்ல'வைத் தாங்க வஹீதுக்குத் தெம்பு இல்லை.

போனில் ஒரு லினக்ஸ் உதவிக் குழு இருந்தது. சொந்தப் பெயரில் சேர வெட்கப்பட்டு, 'லினக்ஸ் சிங்கம்' என்ற பெயரில் அதில் சேர்ந்திருந்தார். திரையைப் போட்டோ எடுத்துப் போட்டார். கீழே எழுத வேண்டும். 'நான் செய்தேன்' என்று எழுத விரல் வரவில்லை. சிங்கம் அப்படி எழுதலாமா?

'நான் எல்லாம் சரியாகத்தான் போட்டேன். என் மனைவி எதையோ தட்டிவிட்டாள். இப்போது டெஸ்க்டாப் ஏறமாட்டேன் என்கிறது. அவசரம்.'

எழுதியதை ஒரு தடவை அழிக்கப் போனார். ஆனாலும் அனுப்பிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் 'கறிவேப்பிலை' என்ற பெயரில் யாரோ பதில் போட்டார்கள்.

'உங்க மனைவி எதைத் தட்டினாங்க?'

'தெரியவில்லை.'

'கேட்டுச் சொல்லுங்க. அது தெரிஞ்சாத்தான் சரிபண்ண முடியும்.'

'அவள் வெளியே போயிருக்கிறாள்.'

அடுப்படியில் மிக்ஸி ஓட ஆரம்பித்தது.

'வரட்டும். காத்திருக்கோம்' என்றது கறிவேப்பிலை.

அதற்குள் குழுவில் மற்றவர்கள் புகுந்துவிட்டார்கள். 'பொம்பளைங்க கையில லேப்டாப்பைக் குடுத்தா இதுதான் பாஸ்' என்றான் ஒருவன். 'என் வீட்டுலயும் இதே கதை' என்றான் இன்னொருவன். சிரிக்கிற முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. முகம் தெரியாத பத்துப் பேர் ஜஹீதாவைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ஜஹீதா உள்ளே வந்தாள். எலுமிச்சை ஜூஸை அவர் முழங்கைப் பக்கம் வைத்தாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த லேப்டாப்பை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"வேர்த்துக் கொட்டுது பாருங்க. பொறுமையா பண்ணுங்க. ஒண்ணும் அவசரமில்ல."

மூலையில் இருந்த ஆரிச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஏசியிருந்தால்கூடத் தேவலை. வெட்கத்தில் காது மடல்வரைக்கும் சுட்டது. தன் வீட்டுப் பெண்ணைத் தெருவில் நிறுத்தி நாலு பேரைச் சிரிக்க வைத்தவன் வேறு யாருமில்லை, தான்தான் என்று புரிந்தது. போனை எடுத்தார். இந்தத் தடவை விரல் நிற்கவில்லை.

'அவள் எதையும் தட்டவில்லை. எல்லாம் நான்தான். வேறு இடத்திலிருந்து ஒரு வரியை எடுத்துப் போட்டதும் நான்தான். பொய் சொன்னேன். அவளைப் பற்றி யாரும் எதுவும் பேச வேண்டாம். அவளுக்கு நாலு மணிக்கு வகுப்பு இருக்கிறது. தயவுசெய்து உதவி செய்யுங்கள்.'

சிரித்த முகங்கள் ஒன்றையும் காணோம். பிறகு கறிவேப்பிலை எழுதியது.

'இதை முதல்லயே சொல்லியிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும். உங்க லேப்டாப்புல இருக்கிறது ஒரு வெர்ஷன். நீங்க சேர்த்த கடை அதைவிடப் புது வெர்ஷனுக்கானது. ஒரே பந்தியில ரெண்டு வீட்டுச் சமையலைப் பரிமாறினா யார் உக்காருவாங்க? முதல்ல அந்த வரியை எடுங்க.'

எடுத்தார். அது சொன்னதை எழுத்துக்கு எழுத்து அடித்தார். முரண்டு பிடித்த மாமாக்களும் சம்பந்திகளும் ஒவ்வொருவராக வந்து உட்கார ஆரம்பித்தார்கள். சாமான்கள் மளமளவென்று இறங்கின. வஹீதுக்குக் கண் கலங்கியது.

'இறங்கி முடிய நேரமாகும். லேப்டாப் சூடாகக் கூடாது. மேல ஃபேன் இருக்கா? இறக்கையில தூசி இருந்தா காத்து இறங்காது. துடைச்சிடுங்க.'

வஹீத் ஸ்டூல் போட்டு ஏறினார். ஜஹீதா எட்டிப் பார்த்தாள்.

"என்ன அதிசயம், ஃபேன் துடைக்கிறீங்க?"

"சும்மா... கண்ணுல பட்டுச்சு."

'வைஃபை பெட்டி எங்க இருக்கு?' என்றது கறிவேப்பிலை.

'பரண் விளிம்பில்.'

'சுத்தி சாமான் இருக்கா? இருந்தா சிக்னலை மறைக்கும். எல்லாத்தையும் இறக்கி, வேணுங்கிறதை மட்டும் அடுக்குங்க.'

உடைந்த குக்கர், ஓடாத மிக்ஸி, பழைய கடை போர்டு, எவர் வீட்டுக் கல்யாணத்திலோ வந்த பிளாஸ்டிக் கூடைகள் என்று எல்லாம் இறங்கின. வஹீத் தலை முழுக்க ஒட்டடை. தும்மித் தும்மி மூக்கு சிவந்துவிட்டது. ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. தான் செய்ததற்கு இது போதாது என்றுதான் அவருக்குத் தோன்றியது.

பரணிலிருந்து இறங்கி வந்து பார்த்தால் திரையில் நீலம். அழகான நீலம்! கீழே வரிசையாக ஐகான்கள். மவுஸை ஆட்டினார், அம்பு ஆடியது. லேப்டாப்பைக் கைக்குழந்தை மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு முன்னறைக்கு ஓடினார். டிசைன்கள் போனதைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழி நெடுக மனதுக்குள் ஒத்திகை பார்த்தார். வழி என்பது ஆறேழு தப்படிதான்.

முன்னறையில் ஜஹீதா ஆரிச் சட்டத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஸ்டூலில் ஒரு புத்தம் புது லேப்டாப். அதன் திரையில் அவளுடைய டிசைன்கள் எல்லாம் பூத்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஜுவேரியா போனை மடியில் வைத்துக்கொண்டு வாழைக்காய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தாள்.

"வாங்க, லினக்ஸ் சிங்கம்" என்றாள் ஜுவேரியா.

வஹீத் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டார். "நீயா... கறிவேப்பிலை?"

"நானும் அந்தக் குழுவுல இருக்கேன். நீங்க போட்ட போட்டோவுல ஓரமா சாச்சியோட ஃபிரேம் தெரிஞ்சுது சாச்சா. அந்தப் பாதிக் கிளியை வெள்ளிக்கிழமைதான் எனக்குக் காட்டினாங்க. உடனே போன் பண்ணேன். என் லேப்டாப்பை எடுத்துட்டுக் கிளம்பி வான்னாங்க."

"எப்ப வந்தே?"

"நீங்க போனுக்குள்ள முகத்தைப் புதைச்சிருந்தப்பவே. கமாண்டு எல்லாம் நான் சொன்னது. ஃபேனும் பரணும் சாச்சி சொன்னாங்க."

வஹீத் ஜஹீதாவைப் பார்க்க முடியாமல் கிளியைப் பார்த்தார். "உன் டிசைன் எல்லாம்..."

"நீங்க அந்தத் தாடிக்காரன் வீடியோவை ரெண்டாந்தடவை போட்டுப் பாத்தீங்கல்ல, அன்னிக்கே இவகிட்ட பென் டிரைவுல குடுத்துட்டேன்."

"நான் குழுவுல எழுதினது..."

"படிச்சேன்."

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்தான்." ஜஹீதா ஆரி ஊசியைத் துணியில் இறக்கினாள். "முதல்ல எழுதினதைப் படிச்சதும் அழுகை வந்துச்சு. ரெண்டாவதைப் படிச்சதும்தான் வகுப்பு எடுக்கிற தெம்பு வந்துச்சு."

வஹீத் ஒட்டடைத் தலையோடு, கையில் லேப்டாப்போடு நின்றார். ஒத்திகை பார்த்த மன்னிப்பை ஆரம்பிக்க வாயைத் திறந்தார். அவள் அதற்குக் காத்திருக்கவில்லை. மணி நாலாகப் போகிறது, திரையில் ஒவ்வொரு பெண்ணாக வர ஆரம்பித்திருந்தார்கள்.

"அப்போ காலையிலேருந்து நான் பட்டபாடு அத்தனையும் வீணா?" என்று மெல்லக் கேட்டார்.

"யார் சொன்னா? மூணு மாசமா கெஞ்சியும் நடக்காத வேலை ஒரே நாள்ல முடிஞ்சிருக்கு." ஜஹீதா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கேமரா பக்கம் திரும்பினாள். "அடுத்த ஞாயித்துக்கிழமை எதை இன்ஸ்டால் பண்றதா இருக்கீங்க? பாத்ரூம் குழாய் ஒழுகுது."