இருபதாண்டுத் திட்டத்தில் ஒரு பாலம்

"இந்தப் பாலத்துல யாருய்யா போவாங்க?" என்று மேலதிகாரி கேட்டபோது, திட்ட அதிகாரிக்குப் பதில் தெரிந்திருந்தது. அவர் போவார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போவார்.

ஆனால் நகரத்தின் இருபதாண்டுத் திட்டத்தில் அப்படியெல்லாம் எழுத முடியாது.

கல்யாணமான மகள் ஆற்றுக்கு அக்கரையில் இருந்தாள். மொட்டை மாடியில் நின்றால் அவள் வீட்டுக் கொடியில் காயும் துணி தெரியும். போவதற்குத்தான் இரண்டு பஸ் மாறி ஒன்றரை மணி நேரம். மனைவி இறந்த பிறகு வீட்டில் பேச ஆளில்லை. மகளுக்குப் போன் செய்தால், "அடுத்த வாரம் வரேம்பா" என்பாள். அந்த அடுத்த வாரம் நாலு மாதமாக வரவில்லை. அவளைப் பார்க்காமல் மனது தவித்தது. அதனால்தான் தன் தெருமுனையிலிருந்து அவள் தெருமுனைக்கு, ஆள் நடந்து போகிற அளவில், ஒரு சின்னப் பாலத்தை வரைபடத்தில் நைசாகச் செருகியிருந்தார்.

"அக்கரையில மார்க்கெட் வருதே சார்," என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தார்.

"படத்துல காணோமே?"

"இன்னைக்கே போட்டுடறேன் சார்."

போட்டார். மேலதிகாரிக்கு மார்க்கெட் பிடித்துவிட்டது. "மார்க்கெட்னா லாரி வருமேய்யா! நாலு வழியாக்குங்க."

நாலு வழியாக்கினார். பாலம் இறங்குகிற சரிவு நீண்டு, தெருவுக்குள் புகுந்து, நேராக அவர் வீட்டுச் சமையலறையில் வந்து நின்றது. பதறிப்போய்ப் பாலத்தைக் கொஞ்சம் திருப்பினார். சமையலறை தப்பியது, கூடம் போயிற்று. அக்கரையில் மகள் வீடு முழுசாகப் போயிற்று. மறுபடி திருப்புவதற்குள் மேலதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"பிரமாதம்! தொலைநோக்குன்னா இதுதான்."

இரு கரையிலும் வீடு இழப்பவர்களின் பட்டியலோடு நோட்டீஸ் போயிற்று. எல்லாருக்கும் ஒரே அடுக்குமாடியில் மாற்று வீடு. மறுப்புச் சொல்ல முப்பது நாள். ஒரே ஒரு மறுப்பு வந்தால் போதும், பாலத்தை மறுபடி வரையலாம். தினமும் மனுப் பிரிவை எட்டிப் பார்த்தார். மறுப்பு என்று ஒன்றுகூட வரவில்லை.

மகள் ஆசை ஆசையாகக் கட்டிய வீடு. பாலம் தன் கைவேலை என்று அவளிடம் சொல்ல நா எழவில்லை.

"நோட்டீஸ் வந்துதா கண்ணு?"

"வந்துதுப்பா. உங்க பேரும் இருக்கே."

"ஆமா. மறுப்பு எழுதிக் குடுத்துடும்மா."

"பாக்கறேம்பா," என்று போனை வைத்துவிட்டாள். கோபம் போலிருக்கிறது என்று அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

முப்பதாம் நாள் தானே ஒரு மறுப்பு எழுதிக்கொண்டு போனார். மனுப் பிரிவு எழுத்தர் அம்மாள் அதை இரண்டு முறை படித்தாள்.

"திட்டம் போட்டதும் நீங்க, வேணாங்கறதும் நீங்களா சார்?"

"ஆசைப்பட்டுப் போட்டேன்மா. அது என் பொண்ணு வீட்டையே இடிக்குது. வேற யாருமா மறுப்புக் குடுக்கல?"

"மறுப்பே இல்ல சார்," என்று அவள் கோப்பைப் புரட்டினாள். "அக்கரையிலேருந்து ஒரு பொண்ணுதான் நோட்டீஸ் வந்த அன்னைக்கே, ரெண்டு பஸ் மாறி வந்து எழுதிக் குடுத்துட்டுப் போச்சு: 'வீட்டைத் தாராளமா இடிச்சுக்கோங்க, மாத்து வீட்டை மட்டும் எங்கப்பா வீட்டுக்கு எதிர்வாசலாக் குடுங்க'ன்னு."