தேரில் ஏறிய வெலோசிராப்டர்

விருந்தாளி வருவதற்கு முன் ஒளித்து வைக்க வேண்டியது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது ஒன்று இருக்கும். சில வீடுகளில் அது பூஞ்சை பிடித்த சுவர். சில வீடுகளில் குடித்துவிட்டு வரும் சித்தப்பா. எங்கள் வீட்டில் என் டைனோசர்கள்.

அவற்றைப் பொம்மை என்று யாராவது சொன்னால் எனக்குப் பிடிக்காது (அம்மா இன்னும் மோசம், "ஓணான்" என்பார்). கழுத்து, தோள், முழங்கால், தாடை என்று மூட்டு மூட்டாக அசையக்கூடிய, புதைபடிவ ஆராய்ச்சிகளைப் பார்த்துச் செய்யப்பட்ட அசல் உருவங்கள் அவை. நான் அப்போது இலங்கை மலையகத்தில், அப்புத்தளைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியை. சம்பளம் வந்தால் மற்ற டீச்சர்மார் சேலைக் கடைக்குப் போவார்கள். நான் தபாலகத்துக்குப் போவேன். கல்யாண வயதில் ஒரு பெண் வெளிநாட்டுப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினால் ஊர் என்ன பேசுமோ, அதையெல்லாம் பேசியது.

சேர்ப்பதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எனக்குச் சரிபிழை பார்க்கும் வியாதியும் இருந்தது. பதுளை பஸ் நிலையத்தில் பச்சை நிற பிளாஸ்டிக் டைனோசர் விற்பார்கள். வால் தரையில் இழுபடும், உள்ளங்கை இரண்டும் கீழ்நோக்கித் தொங்கும். அந்த இனத்துக்கு மணிக்கட்டு அப்படித் திரும்பவே திரும்பாது. கைதட்டப் போகிறவரின் கைபோல உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்த்திருக்க வேண்டும். இதை ஒருநாள் விற்கிறவரிடமே நின்று விளக்கினேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பேட்டரி போட்டா கத்தும் மிஸ்" என்றார்.

என் சேகரிப்பின் ராணி ஒரு வெலோசிராப்டர். வாலோடு சேர்த்து ஒரு முழ நீளம், உடம்பு முழுக்க இறகு. வாயை மூடினால் உதடு பல்லை மறைத்துவிடும். திறந்தால் உள்ளே வரிசையாகப் பல், ஒவ்வொன்றும் தனித்தனியாகச் செதுக்கியது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அதற்குப் புது நிலை வைப்பேன். ஒரு வாரம் ஓடும், ஒரு வாரம் பதுங்கும், ஒரு வாரம் முட்டைமேல் உட்கார்ந்திருக்கும். இப்படித் திறந்து மூடித் திறந்து மூடியே அதன் தாடை மூட்டு கொஞ்சம் தளர்ந்துபோயிருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பூனாகலையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அம்மா ஒரு பழைய சாக்கோடு வந்து நின்றார். இறகு ஒடிந்துவிடும் என்று நான் அழாத குறையாகக் கெஞ்சியதில், கண்ணாடி அலமாரியை ஒரு சேலையால் மூடுவது என்று சமாதானம் ஆனது. மூடிய அலமாரியைப் பார்த்துவிட்டு எந்த மாப்பிள்ளையின் அம்மாவாவது சும்மா இருப்பாரா என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. அவர் வந்தார், உட்கார்ந்தார், எழுந்தார், சேலையைத் தூக்கினார்.

உள்ளேயிருந்து வாயைப் பிளந்தபடி ஒரு கூட்டமே அவரைப் பார்த்தது.

"யாரு செஞ்சதுங்க இதெல்லாம்?"

எங்கள் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பெண்ணின் கைவேலையைக் காட்டுவது வழக்கம். பூ வேலை செய்த மேசை விரிப்பு, மணி கோத்த அன்னம், பின்னிய கூடை என்று எதையாவது எடுத்து வைப்பார்கள். அது அந்தப் பெண் செய்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லயத்தில் ஒரே மேசை விரிப்பு வீடு வீடாகப் போய்ப் பல கல்யாணங்களை முடித்து வைத்திருக்கிறது. அந்தப் பழக்கத்தில்தான் அம்மாவின் வாயிலிருந்து அது வந்திருக்க வேண்டும்.

"மகதாங்க. லீவு நாள்ல சும்மா இருக்க மாட்டா. எல்லாம் அவ கைவேலை."

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையில் தேத்தண்ணித் தட்டைத் திணித்தார்.

மாப்பிள்ளை தியாகு பண்டாரவளையில் போன் திருத்தும் கடை வைத்திருந்தார். அலமாரிக்குப் பக்கத்தில் வந்து வெலோசிராப்டரை உற்றுப் பார்த்துவிட்டு, "டைனோசர்தானே? ஏன் இறகு வச்சிருக்கீங்க?" என்றார். வகுப்பில் ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி. முன்கை எலும்பில் இறகு பதிந்திருந்த தழும்புகளைக் கண்டுபிடித்த கதையில் தொடங்கினேன். அம்மா இருமினார். அப்பா இருமினார். தேத்தண்ணி ஆறிப்போனது. தியாகு மட்டும் மணிக்கூட்டைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப கோழியும் இதுவும் சொந்தமா?" என்றார்.

அதைவிட அழகான கேள்வியை எந்த ஆணும் என்னிடம் கேட்டதில்லை. கட்டினால் இவரைத்தான் கட்டுவது என்று தட்டும் கையுமாக அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

அவருடைய அம்மாவும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். "இறகெல்லாம் நெசமாவே இருக்கேம்மா. எங்க முருகன் கோயில் தேருக்கு ஒரு மயிலு செஞ்சு குடுங்க. பழைய மயிலு போன திருவிழாவுல டிராக்டர் குழியில எறங்கி கழுத்து ஒடிஞ்சு போச்சு. கமிட்டித் தலைவரு இவருதான்" என்று தன் கணவரைக் காட்டினார். அவர் தலையை மட்டும் ஆட்டினார். "தேருல மயிலப் பாத்துட்டு அன்னைக்கே கல்யாணத்துக்கும் தேதி குறிச்சிருவோம்."

அந்த இடத்தில் ஒரு நேர்மையான பெண் உண்மையைச் சொல்லியிருப்பாள். நான் "செஞ்சிடலாம் அத்தை" என்றேன் (பேச்சு முடிவதற்கு முன்பே அத்தை என்று கூப்பிட்டதை அம்மா இன்னும் சொல்லிக் காட்டுவார்).

எனக்குக் கரும்பலகையில் ஒரு நேர்கோடு போட வராது. களிமண்ணில் மயில் செய்தேன், உருளைக்கிழங்கு வந்தது. காகிதத்தைக் கூழாக்கிச் செய்தேன். அப்புத்தளைப் பனிமூட்டத்தில் துவைத்த துணியே காய்வதில்லை, காகித மயில் எங்கே காயும்? அது நாளுக்கு நாள் குனிந்து, கடைசியில் தரையில் படுத்துக்கொண்டது. செய்தது போதும், வாங்கிவிடலாம் என்று பதுளைக்கு இறங்கி, தெரிந்த பரிசுப் பொருள் கடையின் முதலாளி நானாவிடம் கேட்டேன். "மயில் இல்ல மிஸ். அன்னம் இருக்கு, வாத்து இருக்கு. வாத்துக்கு நீலம் அடிச்சா யாருக்குத் தெரியப் போகுது?" என்றார்.

நானா விளையாட்டாகச் சொன்னதுதான் எனக்கு வழி காட்டியது. வாத்துக்கு எதற்கு நீலம் அடிக்க வேண்டும்? வீட்டில்தான் ஒரு முழ நீளத்தில், பறவைக்கு உறவுக்காரி ஒருத்தி நிற்கிறாளே.

அன்றைக்கு அவளை மேசையில் வைத்துத் தூரிகையை எடுத்தேன். உண்மையாகவே துக்கமாக இருந்தது. ஆனால் தியாகு வேண்டுமா, வெலோசிராப்டர் வேண்டுமா என்று என்னை நானே கேட்டுக்கொண்டபோது, இரண்டும் வேண்டும் என்று பதில் வந்தது. திருவிழா முடிந்ததும் மயிலைப் பத்திரமாகத் திருப்பி வாங்கி, வேஷத்தைக் கலைத்துவிடலாம் என்று திட்டம் போட்டேன். அதனால் கழுவினால் போகிற நீலச் சாயமாகப் பார்த்துப் பூசினேன். வாலுக்கு, அம்மா கதிர்காமத்தில் வாங்கிவந்து சாமிப் படத்துக்குப் பின்னால் செருகியிருந்த மயிலிறகுகளை நூலால் கட்டினேன். தலைக்குக் கம்பியும் மணியும். கால் நகங்களைப் பட்டுத் துணியால் மறைத்தேன். அலகுதான் சிக்கல். பிசின் வைத்து ஒட்டினால் தாடை மூட்டு பாழாகிவிடும். யோசித்து யோசித்து, மூக்கையும் தாடையையும் சேர்த்து மூடுகிற மாதிரி மெழுகில் ஒரு அலகு செய்து வைத்தேன். மஞ்சள் நிறத்தில், பார்க்கவே நன்றாக இருந்தது.

ஆறாம் வகுப்புக்கு "வெப்பத்தினால் மெழுகு உருகும்" என்று பாடம் நடத்துகிறவள் நான்.

திருவிழாவன்று பூனாகலையில் தேர் புறப்பட்டது. டிராக்டர் பெட்டியில் ஜோடித்த சிறிய தேர், உள்ளே முருகன், அவருக்கு முன்னால் என் மயில். தேர் ஒவ்வொரு லயத்தின் முன்னாலும் நிற்கும், வீட்டுக்கு ஒரு தட்டு வரும், பூசாரி கற்பூரம் காட்டுவார். அத்தை எல்லோரிடமும், "நம்ம வீட்டுக்கு வரப்போற பொண்ணு கையால செஞ்சது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கும் பெருமை. நிற்கும் நிலையை எவ்வளவு சரியாக வைத்திருக்கிறேன் என்று நானே ரசித்தேன்.

முதல் லயத்தில் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த லயத்தில் அலகு பளபளத்தது. அதற்கடுத்த லயத்தில் மூக்கோரமாக ஒரு சொட்டு இறங்கியது.

கூட்டத்தில் ஒரு அம்மா கைகூப்பினார். "மயிலு அழுவுது, பாருங்கடி."

அவ்வளவுதான். முருகா முருகா என்று கூட்டம் முன்னால் நெருங்கியது. வீட்டுக்குள் இருந்தவர்களும் கற்பூரத்தோடு ஓடி வந்தார்கள். கற்பூரம் கூடக் கூட மயில் அழுதது. மயில் அழ அழக் கற்பூரம் கூடியது. தட்டைக் கீழே இறக்குங்கள் என்று நான் பூசாரிக்குக் கையைக் காட்டினேன். அவர் என் பக்தியை மெச்சியபடி தட்டை இன்னும் மேலே தூக்கினார்.

பக்கத்தில் நின்ற தியாகு மெதுவாக, "மெழுகா?" என்றார்.

"மெழுகு" என்றேன்.

அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி, டிராக்டர் ஓட்டுகிறவரிடம் வண்டியை எடுக்கச் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். வண்டி நகர்ந்தது. போன வருடம் மயிலின் கழுத்தை ஒடித்த குழியை ஒருவரும் மூடியிருக்கவில்லை. சக்கரம் அதில் இறங்கியது. அலகு கழன்று பூசாரியின் தட்டில் விழுந்தது. தளர்ந்த தாடை அப்படியே தொங்கியது. கற்பூர வெளிச்சத்தில் பல் வரிசை முழுவதும் பளிச்சென்று தெரிந்தது (எவ்வளவு நேர்த்தியான பல். அந்த நிலைமையிலும் எனக்கு அப்படித்தான் தோன்றியது).

தேருக்கு முன்னால் அடித்துக்கொண்டு வந்த தப்பு மேளம் நின்றது.

"மயிலுக்குப் பல்லா?" என்று யாரோ கேட்டார்கள். எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். அத்தை என்னைப் பார்த்தார். கல்யாணம் தேர்ச் சக்கரத்துக்கு அடியில் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். பாடம் நடத்தினேன்.

"ஆதியில பறவைங்களுக்குப் பல்லு இருந்துச்சுங்க. புதைபடிவத்துல பாத்துருக்காங்க. பறவையெல்லாமே டைனோசர் வம்சந்தான்..."

"வாய மூடு" என்றார் அம்மா, உதடு அசையாமல்.

அதுவரை ஒரு வார்த்தையும் பேசாத தியாகுவின் அப்பா தேருக்குப் பக்கத்தில் போனார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மயிலின் வாய்க்குள் நன்றாகப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"சூரபத்மன்தானே மயிலா ஆனான்?"

"ஆமாங்க" என்றது கூட்டம்.

"அசுரனுக்குப் பல்லு இல்லாமயா இருந்துருக்கும்? டீச்சரும் ஆதியில இருந்துச்சுன்னுதானே சொல்லுது. நாமதான் இம்புட்டு வருசமா பொக்க மயில வச்சிருந்துருக்கோம். தப்ப அடிங்க."

தப்பு முழங்கியது. பல்லைக் காட்டிக்கொண்டே மயில் எல்லா லயத்தையும் சுற்றி வந்தது. புதைபடிவமும் புராணமும் ஒரே டிராக்டரில் போனதை என் கண்ணால் பார்த்தேன்.

அன்று மாலை அத்தை என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார். "உண்மையச் சொல்லு. நீ செஞ்சதா?"

"நீலம் அடிச்சது நான்தான் அத்தை."

"மத்தது?"

"வாங்குனது."

அவர் அடுப்படிக் கதவைச் சாத்தினார். நான் அழத் தயாரானேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப காட்டுன கூடை எங்க அக்கா பின்னுனது. மாமாவுக்கு இது வரைக்கும் தெரியாது" என்றார்.

"தெரியும்" என்றார் மாமா, கதவுக்கு அந்தப் பக்கமிருந்து.

தேதி குறித்தார்கள். வெலோசிராப்டரை மட்டும் திருப்பித் தரவில்லை. சாமிக்கு வைத்ததை எடுக்கக் கூடாதாம். கோயிலில் கண்ணாடிப் பெட்டிக்குள், நீலம் பூசி, வாயைப் பிளந்தபடி அவள் இன்றும் நிற்கிறாள். பக்கத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் பல்லு மயிலைப் பார்க்க வருகிறார்கள். என் அலமாரியில் அவள் நின்ற இடத்தில் வேறொன்றை வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவளுக்கு நான் செய்தது துரோகம்தான். ஆனால் என் சேகரிப்பில் பூமாலையும் சந்தனமும் கிடைத்தது அவள் ஒருத்திக்குத்தான்.

எங்கள் வீட்டில் இப்போது யாரும் தன் கைவேலை என்று எதையும் பெருமையடிக்க முடியாது. போன தீபாவளிக்குப் பண்டாரவளைக் கடையில் அதிரசம் வாங்கி, வீட்டுப் பாத்திரத்தில் மாற்றி, "நான் சுட்டது அத்தை" என்று கொண்டுபோய் வைத்தேன். அத்தை ஒன்றை எடுத்தார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு அமைதியாகச் சொன்னார்:

"தியாகு, அந்தக் கற்பூரத்தக் கொஞ்சம் எடுத்துட்டு வா."

நான் மயில் மாதிரியே பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.