சாக்பீஸ் பாய் வட்டம் போட்ட உலகம்

இந்த நாட்டின் பாதுகாப்புக்காக சாக்பீஸ் பாய் அளவுக்குக் கவலைப்பட்டவர் டெல்லியிலேயே இருக்க முடியாது. ஆனால் அவருக்கு வேலை ஆம்பூரில், எங்கள் ஷூ கம்பெனியில் தோல் தரம் பார்ப்பது. ஓட்டை, தழும்பு இருந்தால் சாக்பீஸால் வட்டம் போடுவார். கட்டிங்காரர்கள் அந்த இடத்தை விட்டுவிட்டு வெட்டுவார்கள். பாய் வட்டத்துக்கு மறுபேச்சு கிடையாது.

நட்பு நாடொன்றின் ஏவுகணைத் தடுப்புத் திட்டத்தில் நாமும் சேரலாமா என்று டிவியில் பேச ஆரம்பித்ததும் பாய்க்கு டீ இறங்கவில்லை. சேரவே கூடாது என்பது அவர் கட்சி. சேர்ந்தால் அவர்கள் வம்பெல்லாம் நம் வாசலுக்கு வந்துவிடும் என்பார். பக்கத்து மேசை நடராஜன், தனியாக நின்றால் அடிக்கிறவனுக்குத்தான் வசதி என்பார். இருபது வருடம் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் தனித்தனியாக டிபன் பிரிக்க ஆரம்பித்தார்கள். நடராஜனுக்குப் பாய் வீட்டுத் தால்ச்சா குழம்பு நின்றுபோனது.

ஒருநாள் டீ நேரத்தில் வாக்குவாதம் முற்றி, மேசையில் கிடந்த முதல் தரத் தோலில் பாய் உலக வரைபடமே போட்டுவிட்டார். ஏவுகணை விழும் ஊருக்கெல்லாம் ஒரு வட்டம். தடுப்பு நிற்கும் இடமென்று நடராஜன் தன் பங்குக்குப் பதினோரு வட்டம். மணி அடித்தது. சண்டைச் சூட்டில் இருவரும் அழிக்க மறந்து போனார்கள்.

கட்டிங்காரர்கள் பாய் வட்டத்தைச் சந்தேகிப்பார்களா? ஒவ்வொரு நாட்டையும் பயபக்தியோடு ஒதுக்கிவிட்டு வெட்டினார்கள். அவ்வளவு பெரிய தோலில் ஒரு குழந்தையின் செருப்புக்குத்தான் தேறியது.

மேனேஜர் பாயைக் கூப்பிட்டார். பாய் ஓய்வு பெற எட்டே மாதம். இந்த வயதில் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்று, தோல் கணக்குப் பதிவேட்டோடு நின்ற நான் அந்தப் பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

"எல்லாம் நான் போட்டதுதான் சார்" என்றார் பாய்.

கூப்பிடாமலே உள்ளே வந்தார் நடராஜன். "பாதி என்னுது சார். அவர அனுப்புனா என்னையும் அனுப்பிடுங்க."

பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "உன்ன யாருப்பா இதுல சேரச் சொன்னது? இதுக்குத்தான் வேணாம் வேணாம்னு அடிச்சிக்கிறேன்."

"தோஸ்த் தலைல வந்து விழும்போது இன்னா பாய், பாத்துக்கினு நிக்கச் சொல்றியா?"

தரம் பார்க்க இருந்ததே இரண்டு பேர். இருவரையும் அனுப்பிவிட்டு மேனேஜர் என்ன செய்வார்? ஆளுக்கொரு மெமோ கொடுத்தார். மறுநாள் தால்ச்சா வந்தது.

பாய் கடைசிவரை கட்சி மாறவில்லை. வேலையின் கடைசி நாளில் சாக்பீஸை நடராஜன் கையில் வைத்து, "நாடு சேரக் கூடாது. நீ மட்டும் சாயங்காலம் வூட்டுக்கு வந்துடு" என்றார்.

நடராஜன் தவறாமல் போகிறார். நானும் கூடவே போகிறேன். அந்தச் சண்டையைக் கேட்காவிட்டால் எனக்குப் பொழுது முடிந்த மாதிரியே இல்லை.