காற்று எங்கே வாங்கினீர்கள்?

ஐஸ்கிரீம் தொழில் வளர்வதற்குப் பால், சர்க்கரை, அனுமதி ஆகிய மூன்றும் தேவை. இவற்றில் பாலும் சர்க்கரையும் கடையில் கிடைக்கின்றன.

ஐஸ்கிரீம் அக்கா என்று தெருவே அழைத்த அந்த அம்மாளுக்கு இது தெரியாததல்ல. சமையலறையில் ஒரு மிக்சியோடு தொடங்கி, கார் நிற்கும் கொட்டகைக்கு நகர்ந்து, பதினோரு கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் நிலைக்கு வந்திருந்தாள். அடுத்த கட்டமாக, ஐஸ்கிரீம் கடைகிற பெரிய இயந்திரம் ஒன்று வந்து இறங்கியது. ஆனால் ‘தொழில் விரிவாக்க அனுமதி’ வரும்வரை மரப்பெட்டியின் ஆணியைக்கூடப் பிடுங்கக் கூடாது. கோடைக்கு இன்னும் ஆறே வாரம். அதற்குள் சரக்கைக் கூட்டித் தராவிட்டால் வேறு கம்பெனியின் ஃப்ரீசரை வைத்துக்கொள்வோம் என்று கடைக்காரர்கள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள்.

ஆய்வாளர் வந்தார். கை நீட்டாதவர்; ஒரு கப் ஐஸ்கிரீம்கூட இலவசமாக வாங்காதவர். அதனால் அவரை எந்த வழியிலும் சமாளிக்க முடியாது. கையோடு கொண்டுவந்த தராசில் ஒரு லிட்டர் டப்பாவை வைத்தார். ஐந்நூற்று இருபது கிராம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார். அதே ஐந்நூற்று இருபது.

“மீதி எங்கேம்மா?”

“மீதி காத்து சார்.”

கடையும்போது காற்று உள்ளே போகும், போனால்தான் கரண்டி இறங்கும், இல்லாவிட்டால் செங்கல்லாகிவிடும், யார் செய்தாலும் இப்படித்தான் என்று அக்கா பொறுமையாக விளக்கினாள். உண்மையைச் சொல்லிவிட்டோம், வேலை முடிந்தது என்று நினைத்தாள். அனுபவம் போதாது.

ஆய்வாளர் டப்பாவைத் திருப்பி, பால், சர்க்கரை, கிரீம், வெனிலா என்று ஒவ்வொன்றாகப் படித்தார். “இதுல காத்து இல்லையே?”

“அதெல்லாம் ஒரு பொருளா சார்?”

“பாதிக்குப் பாதி இருக்கு. பொருள் இல்லேன்னா விருந்தாளியா?”

அச்சடித்துவிடுகிறேன் என்றாள் அக்கா. எங்கிருந்து வாங்குகிறீர்கள் என்று கேட்டார் அவர். அக்கா ஜன்னலைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். படிவத்தில் ‘ஜன்னல்’ என்று எழுதிவிட்டு உடனே அடித்தார். அந்தக் கட்டத்தில் விற்பனையாளரின் பெயர், முகவரி, முத்திரை மூன்றும் வேண்டும். ஜன்னலுக்கு முகவரி உண்டு, முத்திரை கிடையாது.

அன்று மாலையே அக்கா கணவரிடம் போய் நின்றாள். ஓய்வு பெற்று நான்கு வருடமாக வாசலில் நாற்காலி போட்டிருப்பவர் அவர்.

“ஏங்க, இத்தனை நாளா சும்மா உக்காந்து காத்து வாங்கினீங்க. இனிமே விக்கணும்.”

மூன்றே நாளில் அவருக்கு ஒரு பெயர்ப்பலகையும் ரப்பர் முத்திரையும் வந்துவிட்டன. தினமும் காலை ஆறு மணிக்குக் கொட்டகை ஜன்னலைத் திறப்பார். ‘காற்று, நல்ல நிலையில், ஓர் அறை’ என்று சீட்டெழுதிக் குத்துவார். அக்கா கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்வாள். ஒருநாள் குழம்பில் உப்பில்லை என்று சண்டை வந்து அவர் ஜன்னலைத் திறக்காமல் இருந்துவிட்டார். ‘வழங்கலில் தாமதம், விளக்கம் தேவை’ என்று அக்கா கடிதம் கொடுத்தாள். அதுவும் கோப்பில் சேர்ந்தது.

புதிய டப்பாக்களில் ‘காற்று 50 சதவீதம்’ என்று அச்சாகி வந்தது. யார் வாங்குவார்கள்? வாங்கினார்கள். மற்ற கம்பெனிகள் மறைப்பதை இவர்கள் தைரியமாகச் சொல்கிறார்கள் என்றது உடற்பயிற்சிக்கூடம். காற்று உடம்பில் ஒட்டாது என்றது நடைப்பயிற்சிக் குழு. இரண்டே வாரத்தில் கடைகளில் “எவ்வளவு காத்து?” என்று கேட்டுத்தான் வாங்கினார்கள். காலைக் காற்றா மாலைக் காற்றா என்று நாக்கில் வைத்ததுமே கண்டுபிடிக்கிறவர்கள்கூடத் தோன்றிவிட்டார்கள். பதினோரு கடை நாற்பதானது. இயந்திரம் மட்டும் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

கோடைக்குப் பத்து நாள் இருக்கும்போது கடிதம் வந்தது.

‘பார்வையில் கண்ட விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது. முதன்மை மூலப்பொருள் காற்று என்பதால், தங்களுடையது காற்று ஆலையாகக் கருதப்படுகிறது. மேற்படி காற்றில் பால், சர்க்கரை உள்ளிட்ட அந்நியப் பொருள்கள் கலந்திருப்பது வருத்தத்துடன் கண்டறியப்பட்டுள்ளது. மாசற்ற மாதிரி ஒன்றை ஏழு நாட்களுக்குள் சமர்ப்பிக்கவும்.’

அக்கா அலுவலகத்துக்கு ஓடினாள். “பால் இல்லாம ஐஸ்கிரீம் எப்படி சார் செய்றது?”

“ஐஸ்கிரீம் பத்தி யாரும்மா பேசினா? உங்க கோப்பு இப்ப அந்தப் பிரிவுலயே இல்ல.” பிறகு ஆய்வாளர் குரலைத் தணித்துக்கொண்டார். “உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். சுத்தமா ஒரு டப்பா கொண்டாங்க. அரை நாள்ல கையெழுத்து.”

அக்கா வீட்டுக்கு வந்தாள். ஒரு டப்பாவைக் கழுவித் துடைத்து, வெயிலில் காயவைத்து, மூடி ஒட்டினாள். கணவர் சீட்டெழுதிக் குத்தினார்.

மறுநாள் ஆய்வாளர் டப்பாவைத் திறந்து பார்த்தார். முகர்ந்தார். வெளிச்சத்தில் பிடித்துச் சுழற்றினார். இத்தனை வருடப் பணியில் இவ்வளவு கலப்படமற்ற சரக்கைக் கண்டதில்லை என்று மனமாரச் சொன்னார். ‘தூய காற்று, முதல் தரம்’ என்ற சான்றும் அனுமதியும் ஒன்றாகவே கிடைத்தன. அந்தச் சான்றை டப்பாவில் பெரிய எழுத்தில் போடவேண்டும் என்பது நிபந்தனை.

பெட்டியின் ஆணியைப் பிடுங்கியதும் இயந்திரம் ஓடியது. வெறும் டப்பாவை விற்கும் அளவுக்கு அக்காவின் மனம் கெட்டுப்போகவில்லை. எப்போதும்போலப் பால் ஊற்றி, சர்க்கரை போட்டுக் கடைந்து அனுப்பினாள். கோடையின் முதல் நாளே நாற்பது கடைகளிலும் வரிசை நின்றது.

மூன்றாம் நாள் நாற்பத்திரண்டு பேர் கையெழுத்திட்ட புகார் வந்தது. முதல் தரம் என்று நம்பி வாங்கிய டப்பாவில் பால் கிடந்ததாகவும், குழந்தைகள் பார்த்துவிட்டதாகவும் எழுதியிருந்தார்கள்.

அக்கா வருத்தம் தெரிவித்துப் பதில் எழுதினாள். பாலைப் பாதியாகக் குறைத்தாள். ஒரு வாரத்தில் அதே நாற்பத்திரண்டு பேரும், இப்போதுதான் பழைய ருசி திரும்பியிருக்கிறது என்று பாராட்டி எழுதினார்கள்.

கணவர் ஒரு கரண்டி எடுத்து அக்காவிடம் நீட்டினார். “நீயே சொல்லு, எப்படியிருக்கு?”

அக்கா கண்ணை மூடி, நாக்கில் வைத்து, வெகுநேரம் யோசித்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இன்னும் கொஞ்சம் பால் வாடை அடிக்குதுங்க.”