கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்காத அத்தான்

கரமனை
8.8.2004

அன்புள்ள தம்பி பூதலிங்கத்துக்கு அக்கா பகவதி எழுதுவது. அத்தான் தவறி, துஷ்டி நடந்த வீட்டிலிருந்து நலம் என்று எழுதக்கூடாதாம், அதனால் நாங்கள் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். நீயும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும்.

அத்தானுடைய கம்ப்யூட்டரை உன் மகள் நீதுவின் படிப்புக்குக் கேட்டிருந்தாய். அத்தான் எழுதி வைத்ததை எல்லாம் அழித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னாய். அடுத்த வீட்டு ஷிபு கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், ஆபீஸ் பஸ் வருவதற்குள் வந்து எல்லாவற்றையும் அழித்தான். என் பேர் போட்ட ஒரு ஃபோல்டர் மட்டும் போகமாட்டேன் என்கிறது. "சேச்சி, இது போவூலா. வேற ஒரு ஆள் உபயோகிக்குதுன்னு எழுதி வருது" என்றான். நான் விதவை, வீட்டில் வேறே ஆள் ஏது என்று கேட்டேன். அவன் பதில் சொல்லுமுன் அத்தானுடைய தங்கச்சி முத்தாரம்மாள், "சொன்னேம்லா மைனி, அண்ணாச்சி இன்னும் எந்திரிக்கல்ல" என்று ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டாள். அவள் சொன்னதிலும் நியாயம் உண்டு. அவர் போன அன்றைக்குக் காலையில் காதில் அந்தக் கருப்பு வளையத்தை மாட்டிக்கொண்டு அதன் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். "பகவதி, இங்க வா, ஒண்ணு கேளு" என்றார். தோசை கரிஞ்சிரும், வாறேன் என்றேன். வந்தபோது தலை சாய்ந்திருந்தது. தோசையும் கரிந்துவிட்டது.

நிறுத்திப் போட்டால் சரியாகும் என்றான் ஷிபு. தினமும் நிறுத்திவிட்டுத்தானே படுக்கிறேன் என்றேன். அப்படியானால் தெரியவில்லை என்று பஸ்ஸுக்கு ஓடிவிட்டான். முத்தாரம்மாள் விடுவாளா? பதினாறாம் நாள் அடியந்திரச் சடங்கில் ஏதோ குறை என்று, ரசவடையும் கட்டன் காப்பியும் கம்ப்யூட்டர் முன்னால் இலை போட்டுப் படைத்தாள். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போய், மேசைக்கு அடியில் இருக்கும் பேட்டரிப் பெட்டி குய் குய் என்று கத்தியது. "இன்னும் ஒரு வடை கேக்காரு" என்று இன்னொன்றை வைத்தாள். மறுநாள் எழுத்துத் தட்டுகிற பலகை முழுக்க எறும்பு.

இன்று ஞாயிற்றுக்கிழமை, ஷிபு சாவகாசமாக வந்தான். பெரிய பெட்டியைத் தொட்டுப் பார்த்தவன், "அய்யோ சேச்சி, இது ஓடிக்கிட்டல்லே இருக்கு" என்றான். நான் இத்தனை நாளும் அணைத்தது படம் தெரிகிறதை மட்டும்தானாம். உள்ளே ஒரு மூலையில் ஏதோ பாட்டு, முடிந்து முடிந்து முதலிலிருந்து ஓடுகிறதாம், காதில் மாட்டுவதை நான் பிடுங்கி பீரோவில் வைத்ததால் கேட்கவில்லையாம். "துஷ்டி வீட்டுல பாட்டா?" என்று முத்தாரம்மாள் கத்தக் கத்த, அவன் தன் வீட்டு ஸ்பீக்கரைக் கொண்டுவந்து மாட்டினான்.

பாட்டு இல்லை தம்பி. குறட்டை. "அண்ணாச்சி உறங்குதாரே" என்று முத்தாரம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் அத்தானுடைய குரல் வந்தது. "கேட்டியா பகவதி? இது நீ. இனி எம்மேல பழி போடப்படாது." பிறகு அவருடைய அந்தச் சிரிப்பு. கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்குள் நடந்த குறட்டை வழக்கு உனக்குத் தெரியுமே. அதற்கு சாட்சி பிடித்து வைத்திருக்கிறார்.

ஷிபு அதை நிறுத்தினான். "இனி அழியும் சேச்சி, அழிக்கட்டா?" என்றான். நாளைக்கு என்றேன். நாளை அழித்ததும் தம்பானூரில் பஸ் ஏற்றிவிடச் சொல்கிறேன், நீ வடசேரியில் இறக்கிக்கொள். நீது நன்றாகப் படிக்கட்டும். பகவதி அம்மன் உங்கள் எல்லாருக்கும் துணை.

இப்படிக்கு
அக்கா பகவதி

பின்குறிப்பு (திங்கட்கிழமை): இன்றைக்கு ஷிபு வந்து அழிக்கப் பார்த்தான். மறுபடியும் அதே எழுத்துத்தான் வந்தது, வேறே ஆள் உபயோகிக்கிறதாக. இந்தத் தடவை படையல் வேண்டாம், ஆள் நான்தான். எப்படிப் போட்டுக் கேட்பது என்று நேற்றே அவனிடம் படித்துக்கொண்டேன். நீதுவுக்கு வேறே வாங்கிக் கொடு, வடசேரிக்குப் போக வேண்டாம். அந்தக் குறட்டை என்னுடையது இல்லை. அத்தானிடம் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.