துர்சுனாயின் தலையில் இருந்ததெல்லாம்

"இதைப் படிங்க. சத்தமாப் படிங்க," என்று அந்த மனிதர் தன் கைப்பேசியைப் புருல்சாவின் மேசைமேல் வைத்தார்.

'எங்களோடு தங்கியதற்கு நன்றி! தூக்கம் சுகமாக இருந்ததா? விரைவில் மறுபடி வாருங்கள்!'

"முந்தாநாள் உங்க கூடாரத்துலதான் செத்துப்போன எங்கப்பாவைக் கிடத்தியிருந்தோம். தூக்கம் எப்படி இருந்துச்சுன்னு நான் யாரைக் கேட்டுப் பதில் எழுதட்டும்?"

புருல்சா எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டாள்.

பிஷ்கெக் நகரத்தில் கல்யாணமோ சாவோ, வீட்டு முற்றத்தில் கம்பளிக் கூடாரம் எழும்பியாக வேண்டும். புருல்சாவிடம் வாடகைக்கு விட இருபத்திரண்டு கூடாரங்கள் இருந்தன. எது எந்த வீட்டுக்குப் போகிறது என்பதைப் பத்தொன்பது வருடமாக அவளிடம் வேலை பார்த்த துர்சுனாய் ஒரு நோட்டிலும் மிச்சத்தைத் தன் தலையிலும் வைத்திருந்தாள். காலத்துக்கு ஏற்றபடி மாற வேண்டுமென்று புருல்சாதான் ரெடிமேட் மென்பொருள் ஒன்றை வாங்கினாள். கூடாரத்துக்கென்று எதுவும் கிடைக்காததால், ஓட்டலுக்கானது.

"ரெடிமேட் சட்டை அக்குள்ல பிடிக்கத்தான் செய்யும், அக்கா. நமக்குன்னு அளவெடுத்துத் தைக்கணும்," என்றான் எர்மெக். மென்பொருள் எழுதித் தருபவன்.

அளவெடுக்க நாலு மாதம் துர்சுனாய் பக்கத்தில் உட்கார்ந்தான். எந்தக் கூடாரம் ஒழுகும், எந்தச் சந்தில் லாரி திரும்பாது, எந்தச் சம்பந்திகளுக்குள் பேச்சுவார்த்தை இல்லை, எல்லாவற்றையும் அவள் சொன்னாள். சொல்லி முடித்த வாரமே புருல்சா அவளைக் கூப்பிட்டாள்.

"அக்கா, உங்க தலையில இருந்ததெல்லாம் இப்ப கம்ப்யூட்டர்ல இருக்கு. நீங்க வீட்ல ஓய்வெடுங்க."

துர்சுனாய் தன் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். "அவன் கேட்டதெல்லாம் இருக்கு, புருல்சா. கேக்காததை நான் எடுத்துட்டுப் போறேன்."

புது மென்பொருள் முதல் வாரமே ஒரே கூடாரத்தை ஒரு மணப்பெண்ணுக்கும் ஒரு பிணத்துக்கும் ஒதுக்கியது. லாரியை நடுத்தெருவில் மறித்து இரு வீட்டாரும் கம்பளியை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள்.

எர்மெக் அதைச் சரிசெய்தான். அடுத்த கல்யாண வீட்டுக்கு 'ஆழ்ந்த அனுதாபங்கள்' போனது.

"மாப்பிள்ளையைப் பாத்தா, மெஷின் சொல்றது சரிதான்," என்றாராம் பெண்ணின் மாமா. கல்யாணம் அரை நாள் நின்றுபோனது.

எர்மெக் அதையும் சரிசெய்தான். "இனிமே போன்கூட நீங்க எடுக்க வேணாம், அக்கா. மெஷினே பேசிக்கும். ஒரு குழப்பமும் வராது."

வரவில்லை. கல்யாணங்கள் வந்தன. சாவு வீடுகள் மட்டும் ஒன்றுகூட வரவில்லை. ஒரு மாதமாகப் பாதிக் கூடாரங்கள் கொட்டகையில் பூச்சி அரித்துக் கிடந்தன.

"ஏண்டா, இந்த ஊர்ல யாருமே சாகறதில்லையா?"

"நல்ல மருந்தெல்லாம் வந்துடுச்சுல்ல, அக்கா. குழப்பம் பூஜ்யம், பாருங்க!" என்று பெருமையோடு திரையைத் திருப்பிக் காட்டினான்.

ஐந்தாவது வாரம் புருல்சா தோற்றுப்போனாள். ஒரு பெட்டி மிட்டாயும் நல்ல தேயிலையும் வாங்கிக்கொண்டு துர்சுனாயைக் கெஞ்சி அழைத்துவரப் புறப்பட்டாள். 'காலில் விழுந்தாலும் குற்றமில்லை' என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டாள்.

துர்சுனாய் வீட்டு வாசலில் போட்டிக் கடையின் லாரி நின்றது. முற்றத்தில் ஆட்கள் கூடாரக் கழிகளை நட்டுக்கொண்டிருந்தார்கள். துர்சுனாயின் மகள் மீரிம் நடுவில் நின்று எங்கே எதை வைப்பதென்று கை காட்டிக்கொண்டிருந்தாள்.

புருல்சாவுக்கு ரத்தம் தலைக்கேறியது. மிட்டாய்ப் பெட்டியைத் தரையில் எறிந்தாள்.

"அதானே பாத்தேன்! ஒரு மாசமா எனக்கு ஒரு சாவும் வரலையேன்னு! எல்லாத்தையும் இங்க இழுத்துக்கிட்டீங்களா? என் உப்பைத் தின்னுட்டு எதிரியோட கூட்டா? எங்கடி உங்கம்மா? வெளிய வரச் சொல்லு!"

கழி பிடித்தவர்கள் அப்படியே நின்றார்கள். மீரிம் திரும்பினாள். அவள் கண்கள் வீங்கியிருந்தன.

"அம்மா இன்னிக்கு விடிஞ்சப்பதான் போனாங்க, சித்தி. முதல்ல உங்களுக்குத்தான் போன் போட்டோம். மூணு நாள் முன்னாடியே பதிவு பண்ணியிருக்கணும்னு உங்க மெஷின் சொல்லிடுச்சு."